முக்காலியில் உட்கார்ந்து வீதியைப் பார்த்த பொறியியலாளர்

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், ஏ7 வீதியோரமாக எங்களுக்கு 38 பேர்ச் காணி இருக்கிறது. அதன் ஒரு மூலையில் தகரக் கூரை போட்டு 22 வருடங்களாகப் பேக்கரியும் தேநீர்க் கடையும் நடத்துகிறோம். இப்போது அதே காணியில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறோம். கீழே பேக்கரியும் பலசரக்குக் கடையும், நடுவில் சாப்பாட்டுக் கடை, மேலே வாடகைக்கு விடும் அறைகள். வேலை தொடங்குவதற்கு முன், வாகனம் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும், எப்படி வெளியேறும், நடந்து வருகிறவர்கள் எங்கே கால் வைப்பார்கள் என்பதை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்வதற்குக் கண்டியிலிருந்து ஒரு போக்குவரத்துப் பொறியியலாளரை அமர்த்தினோம். அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் வீதியோரக் காணியில் கடை கட்ட நினைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

கட்டணம் 85,000 ரூபாய். அவர் சொன்னபடி வரைபடத்தைத் திருத்திக் கீறுவதற்கு வரைஞர் தனியாக 25,000 ரூபாய் வாங்கினார். கட்டடத்துக்கென்று இதுவரை நான் எண்ணிக் கொடுத்த காசில், மனம் நிறைந்து கொடுத்தது இந்த 85,000 ரூபாய்தான். குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். எனக்குக் காரணம் என் அம்மா. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். எனக்கு 16 வயதாக இருக்கும்போது, ஒரு பத்தாம் திகதி, சம்பள நாள் மாலையில், டவுனில் ஒரு கடை முற்றத்தில் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்ற வேன் ஒன்று வீதிக்கு ஏறுவதற்காகப் பின்னோக்கி வந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அம்மா கொழுந்து மலை ஏறவே இல்லை, இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். அந்தக் கடையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. வேனை ஓட்டியவரும் கெட்ட மனிதர் அல்லர், அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் அவர்தான். அந்த முற்றத்தில் நுழைந்த எந்த வண்டியும் பின்னோக்கி வராமல் வெளியேற வழி கிடையாது. முற்றத்தை அப்படி அமைத்தவர் யாரோ, அவர் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். என் கடை முற்றத்தில் யாருடைய அம்மாவும் அப்படி விழக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டடத்துக்கே சம்மதித்தேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வரைபடம் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. கட்டடம் பின்னால், வீதிக்கும் கட்டடத்துக்கும் நடுவில் முற்றம், முற்றத்தில் 14 வாகனங்கள் நிற்க 14 கட்டங்கள். தலவாக்கலைப் பக்க மூலையில் நுழைவாயில், ஹட்டன் பக்க மூலையில் வெளியேறும் வாயில். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னச் சின்னக் கார்களைக் கீறி, ஓரத்தில் பூச்செடிகளும் போட்டிருந்தார்கள். என் கணவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். எனக்கு மட்டும் ஹட்டன் பக்க மூலை உறுத்தியது. 22 வருடங்களாகக் காசு மேசையில் உட்கார்ந்து அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சற்று மேலே வளைவு. வளைவில் மண் மேடு. வண்டி மேட்டைத் தாண்டும்வரை கண்ணுக்குத் தெரியாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் சத்தம் மட்டும்தான் முதலில் வரும். ஆனால் உறுத்துகிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதை அளந்து சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவர் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வயது 35 இருக்கும். நான் சேர் என்று கூப்பிட, "தம்பி என்றே சொல்லுங்கள் அக்கா" என்றார். தேநீர்கூடக் குடிக்காமல், "உயரம் குறைந்த முக்காலி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார். ரொட்டிக்கு மாவு உருட்டும்போது உட்காருகிற முக்காலியைக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு போய், வரைபடத்தில் வெளியேறும் வாயில் இருக்கிற இடத்தில், தார் விளிம்பிலிருந்து 3 மீற்றர் உள்ளே தள்ளிப் போட்டார். உட்கார்ந்தார். உதவியாளரை அழைத்து, தரையிலிருந்து தன் கண்ணுக்கு உயரம் அளக்கச் சொன்னார். கொஞ்சம் அதிகமாக இருந்தது. எழுந்து, முக்காலியின் கால்களை மண்ணில் அழுத்தி, மறுபடி உட்கார்ந்தார். 1.08 மீற்றர் வந்ததும்தான் சரி என்றார். காரில் உட்கார்ந்திருக்கும் சாரதியின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்குமாம். நின்றுகொண்டு பார்க்கிறவனுக்குத் தெரிகிற வீதி வேறு, காருக்குள் இருக்கிறவனுக்குத் தெரிகிற வீதி வேறு என்றார்.

பிறகு உதவியாளரிடம் சிவப்புத் துணி கட்டிய கம்பைக் கொடுத்து வீதியோரமாக ஹட்டன் பக்கம் நடக்கச் சொன்னார். பையன் நடந்தான். துணி மண் மேட்டுக்குப் பின்னால் மறைந்த இடத்தில் "நில்" என்று கத்தினார். அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. அளவு நாடாவை இழுத்தார்கள். 28 மீற்றர்.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஹட்டனிலிருந்து இறங்கி வருகிற வண்டிகள் எங்கள் காணியை ஒட்டிய பக்கத்திலேயே வரும். காணியிலிருந்து வெளியேறுகிறவர் முதலில் வலப்பக்கம், அதாவது அந்த வளைவைத்தான் பார்க்க வேண்டும். 28 மீற்றர் போதுமா என்பதைக் கண்டுபிடிக்க, வீதியோரத்தில் 30 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, இறங்கி வருகிற வண்டிகளைக் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். பெரும்பாலானவை 2.7 வினாடியில் தாண்டின. அது மணிக்கு 40 கிலோமீற்றர். அவர் அளந்த 40 வண்டிகளில் ஆறு வண்டிகள் 2.2 வினாடியில் தாண்டின. அது ஏறக்குறைய மணிக்கு 49 கிலோமீற்றர்.

பின்னால் இருந்த கணக்கை அவர் ரொட்டி சுற்றும் காகிதத்தில் எழுதிக் காட்டியது எனக்கு இப்போதும் மனப்பாடம். மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு 11 மீற்றர். முன்னால் ஒன்றைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு வீதி அமைக்கிறவர்கள் கணக்கில் எடுக்கும் நேரம் 2.5 வினாடி. அந்த நேரத்துக்குள் வண்டி 28 மீற்றர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு, எங்கள் வீதியைப் போல 100 மீற்றருக்கு 6 மீற்றர் இறங்குகிற சரிவில், இன்னும் 22 மீற்றர். மொத்தம் 50 மீற்றர். ஆக அந்த வாயிலிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டினால், வளைவில் வருகிற வண்டி பிரேக்கை மிதிக்கும் முன்பே காரின் கதவில் இருக்கும். அதைக் கேட்டதும் என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். முக்காலியை அவரே எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தார்.

ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 மே மாதம் கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றுக்கும் கடை வாயிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒருவர் சொன்னார். சரிவான வீதியில் இறங்கி வருகிற பஸ்ஸுக்குக் குறுக்கே திடீரென்று எதையும் நீட்டக் கூடாது என்பதில் சம்பந்தம் இருக்கிறது. நானும் என் தம்பியும் அப்படித்தான் பார்க்கிறோம். தம்பி ஹட்டன் நுவரெலியா பாதையில் பஸ் ஓட்டுகிறவன்.

பொறியியலாளர் சொன்ன முக்கியமான மாற்றம், இரண்டு வாயில்களையும் விட்டுவிட்டுத் தலவாக்கலைப் பக்க மூலையில் 7 மீற்றர் அகலத்தில் ஒரே வாயிலாக வைப்பது. எங்கள் காணியின் முகப்பு 34 மீற்றர். வாயில் 26 மீற்றர் தள்ளிப் போனதும் வளைவுவரை பார்வை 54 மீற்றர் ஆகிவிட்டது. 50 தேவை, 54 கிடைக்கிறது. அந்த நான்கு மீற்றரையும் நாங்களே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க, முன்பக்க மதிலை 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்த வேண்டாம், பெயர்ப் பலகையை ஹட்டன் பக்கத்தில் நட வேண்டாம், அங்கே செம்பருத்தி வைக்க வேண்டாம் என்று எழுதித் தந்தார். செம்பருத்தி என் ஆசை. அதைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

அடுத்து கட்டடத்தையும் முற்றத்தையும் இடம் மாற்றினார். கட்டடம் முன்னால், ஆனால் வீதியோரத்தில் எதுவரை கட்டக் கூடாது என்று காட்டும் வீதிக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பின்னே தள்ளி. வாகனத் தரிப்பிடம் பின்னால். இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. கடைக்கு முன்னால் நாலு வாகனம் நின்றால்தான் கடை ஓடுகிறது என்று ஊருக்குத் தெரியும் என்பது என் கணவரின் வாதம். டெவன் நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு வருகிற வேன்கள் வாகனம் நிற்கிற கடையில்தான் நிறுத்தும் என்றும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் முன்னால் வாகனம் நின்றால், பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொருவரும் வாகனங்களுக்கு நடுவே புகுந்துதான் கடைக்குள் வர வேண்டும். நான் அம்மாவின் தடியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அத்தோடு பேச்சு முடிந்தது. முன்பக்கம் இப்போது நடந்து வருகிறவர்களுக்கு மட்டும். "வாகனத் தரிப்பிடம் பின்னால்" என்று மூன்று மொழியிலும் பெரிய பலகை ஒன்றைத் தலவாக்கலைப் பக்கத்தில் வைப்போம்.

14 கட்டங்கள் ஒன்பதாகக் குறைந்த கதையையும் சொல்ல வேண்டும். எனக்கு நெஞ்சு அடைத்த நாள் அது. முதல் வரைபடத்தில் ஒவ்வொரு கட்டமும் 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். அதில் பிழை இல்லை. இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் வண்டி திரும்புவதற்கு விட்ட வழிதான் 4.5 மீற்றர். செங்குத்தாக நிறுத்துகிற கட்டங்களுக்கு 6 மீற்றர் வேண்டும் என்றார். நம்பாமல் நான் கேள்வி கேட்டேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. பின்பக்கத் தரையில் கயிறு இழுத்து, ஆணி அடித்து, முதல் வரைபடத்தில் உள்ள அளவிலேயே ஐந்து கட்டங்களைப் போட்டார். பக்கத்துக் கட்டங்களில் ரொட்டித் தட்டுகளை அடுக்கி அவற்றைக் கார்களாக வைத்துக்கொண்டோம். தம்பி எங்கள் ரொட்டி வேனை எடுத்து நடுக் கட்டத்தில் விட முயன்றான். 14 வருடம் பஸ் ஓட்டியவன். முன்னும் பின்னுமாக ஐந்து தடவை எடுத்தும் ஒரு தட்டு நசுங்கியது. அந்தத் தட்டு நின்ற இடத்தில் ஒரு குழந்தை நின்றிருக்கலாம். கயிற்றை 6 மீற்றருக்கு நகர்த்திய பிறகு ஒரே தடவையில் உள்ளே போய், ஒரு தடவை பின்னெடுத்து, முகம் முன்னால் இருக்க வெளியே வந்தான்.

ஒன்பது கட்டம் போதுமா என்பது பிரதேச சபையின் கேள்வியும்கூட. கடைப் பரப்பு எவ்வளவோ அதற்கேற்றபடிதான் தரிப்பிட எண்ணிக்கை கேட்பார்கள். பொறியியலாளரும் வரைஞரும் உட்கார்ந்து, மேல்மாடி வாடகை அறைகளில் இரண்டைக் குறைத்தார்கள். அந்த இரண்டு அறைகளின் வாடகை எங்களுக்குப் பெரிய தொகை. வங்கிக் கடனைக் கட்ட அதையும் கணக்கில் வைத்திருந்தோம். வலித்தது. ஆனால் தாளில் 14 கார்களைக் கீறிவிட்டு, நாளைக்கு ஐந்து கார்கள் வீதியோரத்தில் நிற்குமானால் அந்த வாடகையை வாங்க எனக்குக் கை வராது.

சரிவுப் பாதை பற்றிய அவருடைய குறிப்பை மலைநாட்டில் கடை கட்டுகிற எல்லோரும் படிக்க வேண்டும். எங்கள் காணியின் பின்பக்கம் வீதியைவிட 1.2 மீற்றர் தாழ்வு. முதல் வரைபடத்தில் 7 மீற்றர் நீளத்தில் அந்த இறக்கத்தை முடித்திருந்தார்கள். அதாவது ஆறுக்கு ஒன்று என்ற செங்குத்து. அதைவிட மோசம், சரிவு தார் விளிம்பிலேயே தொடங்கியது. வெளியேறுகிற கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். சாரதிக்கு முன் மூடியும் மேகமும்தான் தெரியும், வீதியில் வருகிறவரைத் தெரியாது. மழையில் சக்கரம் வழுக்கினால் பின்னால் நிற்கிற வண்டியின்மேல் போகும். திருத்திய வரைபடத்தில் வாயிலை ஒட்டி முதல் 5 மீற்றர் வீதி மட்டத்திலேயே சமதரை. அதன் பிறகு 12 மீற்றர் நீளத்தில் பத்துக்கு ஒன்று என்ற மெதுவான இறக்கம். கொங்கிரீட்டை வழவழப்பாகப் பூசாமல் குறுக்கே வரி வரியாக இழுக்கச் சொல்லியிருக்கிறார். சரிவின் தலையில் இரும்புக் கம்பி மூடியோடு ஒரு குறுக்குக் கான். இல்லாவிட்டால் வீதித் தண்ணீர் முழுவதும் எங்கள் தரிப்பிடத்துக்குள் இறங்கும். கான் வெட்டுவதைப் பற்றித் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பிகளின் இடைவெளியில் சைக்கிள் சக்கரமோ தடியின் நுனியோ சிக்காதபடி கம்பிகளைக் குறுக்காக வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்காது.

அந்தச் சமதரையின் ஓரத்தில், 3.6 மீற்றர் அகலத்தில் வாகனம் நிறுத்தும் ஓர் இடத்தை நடக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கினார். நான் கேட்டு அவர் செய்தது இல்லை. இரண்டாம் தடவை வந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாம் தடவை வந்தது பத்தாம் திகதி, நான் கேட்டுக்கொண்டபடி. பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வீதி முழுவதும் பரவி வந்தார்கள். நான்கு மணிக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் சம்பளத்தோடு வந்தார்கள். அரிசி மூட்டையைத் தலையில் வைத்த பெண்ணுக்கு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க முடியாது, அவள் நேரே நடப்பாள். இதை நான் சொல்லும் முன்பே அவர் எழுதிக்கொண்டிருந்தார். மக்கள் எந்த இடத்தில் வீதியைக் கடக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடாகத் தாளில் கீறினார். கோடுகள் எல்லாம் பழைய மாமரத்தடியில் வந்து குவிந்தன. கடையின் நடைவாசல் அங்கேயே வர வேண்டும், மக்களை வேறு இடத்துக்கு இழுக்கப் பார்க்காதீர்கள் என்றார். நடைபாதை 1.5 மீற்றர் அகலம், வாகன வாயிலிலிருந்து கைப்பிடிக் கம்பியால் பிரித்தது. வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

தலவாக்கலைக்குப் போகிற பஸ்கள் இப்போது எங்கள் காணிக்கு நேர் முன்னால் நிற்கின்றன. புதிய வாயில் வந்த பிறகும் அங்கேயே நின்றால், வெளியேறுகிறவருக்கு வலப்பக்கம் பஸ்ஸின் முகம்தான் தெரியும், 54 மீற்றரும் வீண். தரிப்பை வாயிலைத் தாண்டித் தலவாக்கலைப் பக்கம் 20 மீற்றர் நகர்த்த வேண்டும். அது எங்கள் கையில் இல்லை. கடிதம் கொடுத்திருக்கிறோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

பின்பக்க விளிம்பில் தேயிலைச் சரிவு. முதல் வரைபடத்தில் அங்கே கம்பி வலை வேலி மட்டும். பிரேக்குக்குப் பதிலாக வேறு மிதியை அழுத்திய காரைக் கம்பி வலை நிறுத்தாது. இப்போது கொங்கிரீட் தடுப்புச் சுவரும் ஒவ்வொரு கட்டத்திலும் சக்கரத் தடையும் வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, மண் வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியை நாங்கள் ஒரு சடங்காக நினைப்பதில்லை. அந்த வேலை தனியாக நடக்கிறது.

இனிக் குறைகள்.

முதல் அறிக்கையில் ஓட்டோக்களைப் பற்றி எதுவும் இல்லை. கார், வேன், லொறி, மோட்டார் சைக்கிள் என்று கணக்கு. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஓட்டோவில் வருகிறவர்கள். ஓட்டோ 1.3 மீற்றர் அகலம்தான், அதற்குக் காரின் கட்டம் தேவையில்லை. ஆனால் இடம் கொடுக்காவிட்டால் ஓட்டோக்காரத் தம்பிமார் வாயிலிலேயே நிறுத்துவார்கள். ஏறுகிறவருக்கு நடை குறைய வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறு காண முடியாது. நான் எடுத்துச் சொன்னதும் ஏற்றுக்கொண்டு, சரிவின் அடியில் ஐந்து ஓட்டோக்களுக்கு இடம் ஒதுக்கினார். ஆனாலும் மலைநாட்டில் வேலை செய்கிற ஒருவர் இதை நாங்கள் சொல்லும்வரை காத்திருந்திருக்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஐந்து வாரத்தில் வந்தது. ஒரு வாரம் மழை, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டு வாரத்துக்குத் தொலைபேசியில் சரியான பதில் கிடைக்கவில்லை. வந்த அறிக்கையோ முழுவதும் ஆங்கிலத்தில். உயர்தரம் படிக்கிற என் மகள் இரண்டு இரவு உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லித் தந்தாள். எங்கள் காசில், எங்கள் காணிக்கு எழுதியது. கொங்கிரீட் போடுகிற மேசன் பாஸுக்கும், வாயிலில் நிற்கப் போகிற காவலாளிக்கும் புரியாத பாதுகாப்புக் குறிப்பால் என்ன பயன்? இரண்டு பக்கமாவது தமிழில் தாருங்கள் என்று கேட்டேன். மறுவாரம் அனுப்பினார், நன்றாகவே எழுதியிருந்தார். முதலிலேயே செய்திருக்கலாம்.

இரவில் அவர் வரவில்லை. நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறிகள் இறங்குவது இரவில்தான். எங்கள் பேக்கரிக்கு மாவு லொறி வருவதும் விடியற்காலையில். முகப்பு விளக்கு வெளிச்சத்தில் 54 மீற்றர் தூரம் எப்படித் தெரியும், பனிமூட்டத்தில் வாயில் எங்கே இருக்கிறது என்று வருகிறவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கு அறிக்கையில் ஒரு பத்திதான். விளக்குக் கம்பம் ஒன்றும், மதிலில் ஒளி தெறிக்கும் பட்டைகளும் என்று முடித்துவிட்டார். நானும் தம்பியும் ஓர் இரவு பதினொரு மணிக்கு அதே முக்காலியைப் போட்டுப் பார்த்தோம். எதிரே ஏறி வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது வளைவுப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. அதை எழுதி அனுப்பினேன். மாவு லொறியை விடிந்த பிறகு வரவழைப்பதுதான் நல்லது என்று பதில் வந்தது. அப்படியே ஏற்பாடு செய்துவிட்டோம். வெளிச்சம் வரும்வரை எந்த லொறியும் எங்கள் வாயிலைத் தாண்டாது.

மூன்றாம் தடவை அவர் வந்தது ஏப்ரலில், நுவரெலியாவில் வசந்த காலக் கூட்டம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வீதியில் ஓடிய வாகனங்களுக்கு அளவில்லை. கூட்டம் அதிகமான நாளில் வேகம் குறைகிறது, ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது என்று காட்டினார். தலவாக்கலைப் பக்கமிருந்து வந்து வலப்பக்கம் திரும்பி உள்ளே வர விரும்புகிற கார் நடு வீதியில் நிற்கும், பின்னால் நிற்கிறவர் பொறுமை இழந்து இடப்பக்கமாகப் புகுவார், அங்கே நடந்து போகிறவர் இருப்பார். அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் வாயிலில் ஓர் ஆளை நிறுத்தி, வலப்பக்கத் திருப்பத்தைத் தடுத்து, மேலே போய்த் திரும்பி வரச் சொல்ல வேண்டும். என் கணவர் இந்த முறை மறுக்கவில்லை.

எனக்கு இன்னும் தூக்கம் தராத ஒன்று இருக்கிறது. அந்த ஆறு வண்டிகள். மணிக்கு 49 கிலோமீற்றரில் அந்தச் சரிவில் வருகிற வண்டி நிற்பதற்கு 67 மீற்றர் வேண்டும். எங்களிடம் இருப்பது 54. இதைப் பொறியியலாளர் ஒளிக்கவில்லை, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். நல்ல வேலைக்காரர் என்று நான் அவரை மதிப்பது இதற்காகவும்தான். வளைவுக்கு மேலே எச்சரிக்கைப் பலகையும், வேகத்தைக் குறைக்க வீதியில் குறுக்கு வரிகளும் வேண்டும் என்று வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதும்படி சொன்னார், எழுதியிருக்கிறோம். எதிர்ப்பக்கம் குவிந்த கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம், ஆனால் அதில் வண்டி உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், பனியில் மங்கிவிடும், அதை நம்பி யாரும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்றார்.

மண் மேட்டின் மூக்கை 3 மீற்றர் சீவினால் பார்வை 70 மீற்றரைத் தாண்டும். அந்த மேடு எங்கள் காணியில் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். துரையைப் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை நேரம் தந்திருக்கிறார்கள். அறிக்கையையும், சிவப்புத் துணி மறைந்த இடத்தில் எடுத்த படத்தையும் கொண்டுபோகிறேன். அத்திவாரத்துக்கு ஆவணியில் நாள் பார்த்திருக்கிறோம். மேட்டுக்கு ஒரு முடிவு தெரியாமல் வாயிலுக்குக் கொங்கிரீட் போட வேண்டாம் என்று மேசன் பாஸிடம் சொல்லிவிட்டேன்.